பள்ளிக்கூடத்தில் போலீஸ் கை வைத்தால்? அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரின் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே வரும்வரை பார்க்கிங்கில் நிற்கும் பெற்றோர் பேசுவதெல்லாம் பெரும்பாலும் விசா, வீட்டுக் கடன் வட்டி, ஊருக்கு டிக்கெட் விலைதான். ஒரு வாரம் மட்டும் பேச்சு வேறு பக்கம் போனது. ஒருவருடைய மகன் படிக்கும் மிடில் ஸ்கூலில் இரண்டு பையன்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டார்களாம். போலீஸ்காரர் வந்து ஒருவன் கையை முறுக்கிச் சுவரோடு சேர்த்துப் பிடித்துவிட்டாராம். "ஸ்கூலுக்குள்ள போலீஸ் எதுக்குங்க?" என்று ஒரு அம்மா கேட்டார். அன்று தொடங்கி அடுத்தடுத்த வாரங்களில் வந்த கேள்விகளையும், தேடிப் படித்து நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை, இரண்டு பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்பும் ஒரு அப்பன், அவ்வளவுதான்.

வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறாரே, அவர் வாட்ச்மேனா, போலீஸா?

பெரும்பாலும் நிஜப் போலீஸ். 'ஸ்கூல் ரிசோர்ஸ் ஆபீசர்', சுருக்கமாக எஸ்.ஆர்.ஓ. என்பார்கள். ஊர் போலீஸ் துறையோ, கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) போலீஸான ஷெரிப் அலுவலகமோ அவரைப் பள்ளிக்கு அனுப்பி வைக்கிறது. கைது செய்யும் அதிகாரம், துப்பாக்கி, கைவிலங்கு எல்லாம் அவரிடம் உண்டு. பிரின்ஸிபால் அவருக்கு மேலதிகாரி இல்லை. பல பெற்றோருக்கு இது தெரியாது.

சில பெரிய ஊர்களில் ஏற்பாடு வேறு. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி நிர்வாகத்துக்குச் சொந்தமாகவே ஒரு போலீஸ் துறை இருக்கிறது. நியூயார்க்கில் 1998 முதல் பள்ளிப் பாதுகாப்பு ஊழியர்கள் நகரப் போலீஸின் கீழ் வருகிறார்கள். அவர்களிடம் துப்பாக்கி இருக்காது, கைது செய்யலாம்.

இந்த அதிகாரிகளின் தேசியச் சங்கம், எஸ்.ஆர்.ஓ. என்பவர் மூன்று வேடம் போட வேண்டும் என்கிறது: பாடம் சொல்பவர், ஆலோசனை சொல்பவர், சட்டத்தைக் காப்பவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பையன் மனம் விட்டு எதையாவது சொன்னால், அதை ஆலோசகராகக் கேட்பாரா, போலீஸாகக் கேட்பாரா?

இது எப்போது ஆரம்பித்தது?

மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரில் 1950களில் தொடங்கியது என்பார்கள். நாடு முழுக்கப் பரவியது 1990களில்தான். அப்போது இளைஞர் குற்றங்களைப் பற்றிய பயம் அதிகம். 1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் போலீஸ் வைக்க மத்திய அரசின் பணம் கொட்டியது. வந்தது சுடுபவனைத் தடுக்க. தினசரி வேலையோ வராந்தாவில் சண்டை, செல்போன், வாய்க்கு வாய் பேசுவது. இந்த இடைவெளியில்தான் நீங்கள் கேட்கும் எல்லாப் பிரச்சினையும் உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் போலீஸ்காரர் மாணவனை அடிக்கலாமா?

தண்டனையாக அடிக்க முடியாது. ஆனால் 'கட்டுப்படுத்த' பலம் காட்டலாம். எவ்வளவு என்பதற்கு அளவுகோல் 1989ல் உச்ச நீதிமன்றம் சொன்ன கிரஹாம் எதிர் கானர் தீர்ப்பு. அந்த வழக்கு பள்ளி சம்பந்தப்பட்டதே அல்ல. வட கரோலினாவின் சார்லட் நகரில், சர்க்கரை நோயாளி ஒருவர் ஆரஞ்சு ஜூஸ் வாங்கக் கடைக்குள் ஓடினார், வரிசை நீளமாக இருந்ததால் உடனே வெளியே வந்துவிட்டார். இதைச் சந்தேகப்பட்ட போலீஸ் அவரை மடக்கிக் கையாண்டதில் அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. அந்த நொடியில், அந்த இடத்தில் நின்ற நியாயமான ஓர் அதிகாரி அப்படிச் செய்திருப்பாரா என்றுதான் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். குற்றம் எவ்வளவு பெரியது, ஆபத்து உண்டா, எதிர்த்தாரா, ஓடினாரா என்பதெல்லாம் கணக்கில் வரும். தெருவில் நிற்கும் பெரியவருக்கான அளவுகோலை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் வைத்துப் பார்க்கிறார்கள். வயதையும் சேர்த்துப் பார்க்கும் நீதிபதிகள் உண்டு, எல்லோரும் அப்படி இல்லை.

அப்புறம், "ஊர்ல வாத்தியார் பிரம்பால அடிச்சாரே, அமெரிக்கால அது கூட கிடையாதே" என்று ஒருவர் சொன்னார். கிடையாது என்று யார் சொன்னது? இந்தியாவில் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 1977ல், பள்ளியில் அடிப்பது 'கொடூர தண்டனை'யைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தத்துக்குள் வராது என்று சொல்லிவிட்டது. மிசிசிப்பி போன்ற தென் மாநிலங்களில் மரப் பலகையால் அடிப்பது இன்றும் சட்டப்படி செல்லும். (ஊரில் சட்டம் இருந்தும் பிரம்பு போகவில்லை என்பது வேறு கதை.)

மேசையோடு ஒரு பெண்ணைக் கவிழ்த்த வீடியோ ஒன்று வந்ததே, அது என்ன?

தென் கரோலினாவின் கொலம்பியா நகரில், ஸ்பிரிங் வேலி உயர்நிலைப் பள்ளி, 2015 அக்டோபர் 26. கணக்கு வகுப்பு. 16 வயது கறுப்பின மாணவி ஒருத்தி செல்போனை எடுத்தாள். ஆசிரியர் கேட்டும் கொடுக்கவில்லை, வகுப்பை விட்டு வெளியே போகச் சொன்னதற்கும் போகவில்லை. நிர்வாகி ஒருவர் வந்து சொன்னார். அதற்கும் அசையவில்லை. யார் மேலும் கை வைக்கவில்லை, கத்தவில்லை, உட்கார்ந்திருந்தாள். பிறகு ஷெரிப் அலுவலகத்தின் அதிகாரி பென் ஃபீல்ட்ஸை அழைத்தார்கள். அவர் கழுத்தைச் சுற்றிக் கை போட்டு, நாற்காலியும் மேசையும் ஒன்றாக இணைந்த அந்த இருக்கையோடு அவளைப் பின்னால் கவிழ்த்து, தரையில் இழுத்து எறிந்தார். சில நொடிகள்தான். சுற்றிலும் பிள்ளைகள் தலை குனிந்து உட்கார்ந்திருப்பது வீடியோவில் தெரிகிறது. எனக்கு அந்தக் காட்சிதான் அதிகம் மனதில் நிற்கிறது.

அடுத்து நடந்ததையும் கேளுங்கள். "இது அநியாயம்" என்று குரல் கொடுத்துப் படம் எடுத்த 18 வயது மாணவி ஒருத்தியையும் கைது செய்தார்கள். இருவர் மீதும் 'பள்ளியைத் தொந்தரவு செய்தல்' என்ற குற்றம்.

இரண்டே நாளில் ஷெரிப் லியான் லாட் அந்த அதிகாரியை வேலையிலிருந்து நீக்கினார், தூக்கி எறிவது பயிற்சியில் சொல்லித் தராத செயல் என்று காரணம் சொன்னார். அதே பள்ளியில் ஃபுட்பால் பயிற்சியாளராகவும் இருந்தவர் அவர். அவரை நீக்கக் கூடாது என்று மாணவர்களில் ஒரு கூட்டம் வகுப்பை விட்டு வெளியே வந்து நின்றது. 2016 செப்டம்பரில் அரசு வழக்கறிஞர் அவர் மீது குற்றவியல் வழக்கு இல்லை என்று முடித்துவிட்டார். மாணவிகள் மீதான குற்றச்சாட்டுகளும் கைவிடப்பட்டன.

அவர் கெட்ட போலீஸா, நல்ல போலீஸா என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. என் கேள்வி அதற்கு ஐந்து நிமிடம் முந்தியது. வகுப்பில் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். ஒரு செல்போனுக்கு மூன்றாவது ஆளாகத் துப்பாக்கி வைத்திருப்பவரை ஏன் கூப்பிட்டார்கள்? மணி அடிக்கும்வரை அவள் அப்படியே உட்கார்ந்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

'பள்ளியைத் தொந்தரவு செய்தல்' என்று ஒரு சட்டமா?

ஆமாம். தென் கரோலினாவில் 1919ல் வந்த சட்டம். முதலில் அதன் நோக்கம், பெண்கள் கல்லூரி வளாகங்களில் சுற்றித் திரிந்து தொல்லை கொடுக்கும் ஆண்களைத் தடுப்பது! நாளடைவில் எல்லாப் பள்ளிக்கும் நீண்டது. வாய்ப் பேச்சு, கெட்ட வார்த்தை, வெளியே போகச் சொன்னால் போகாதது என்று எதற்கு வேண்டுமானாலும் மாணவர்கள் மேல் பாய்ந்தது. 1,000 டாலர் வரை அபராதம் அல்லது 90 நாள் வரை சிறை.

படம் எடுத்த அந்த மாணவியும் வேறு சிலரும் வழக்குப் போட்டார்கள். அது நடந்துகொண்டிருக்கும்போதே, 2018ல், சொந்தப் பள்ளி மாணவர்கள் மேல் இதைப் பயன்படுத்த முடியாதபடி மாநிலச் சட்டசபை திருத்திவிட்டது. 2023 பிப்ரவரியில் நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு படி கீழே உள்ள மத்திய நீதிமன்றம்), பழைய சட்டம் எது குற்றம் என்று தெளிவாகச் சொல்லாததால் அரசியலமைப்புக்கு எதிரானது என்று உறுதி செய்தது. இதே போன்ற சட்டங்கள் வேறு மாநிலங்களிலும் உண்டு. உங்கள் மாநிலத்தில் என்ன பெயரில் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகளைக் கூடவா?

கென்டக்கியின் கென்டன் கவுன்ட்டியில் 2014ல் நடந்தது இது. மூன்றாம் வகுப்புப் பையன், 8 வயது, கவனக்குறைவுக் கோளாறு உள்ளவன். கைவிலங்கு மணிக்கட்டில் நிற்கவில்லை, அவ்வளவு மெலிந்த கை. அதனால் அதிகாரி இரண்டு கையையும் பின்னால் இழுத்து, முழங்கைக்கு மேலே, புஜத்தில் மாட்டினார். பையன் வலியில் அழுவது வீடியோவில் பதிவானது. அதே அதிகாரி 9 வயதுச் சிறுமி ஒருத்திக்கும் அதையே செய்திருந்தார். 2017ல் மத்திய நீதிபதி இது அரசியலமைப்புக்கு விரோதமான அதீத பலப்பிரயோகம் என்று தீர்ப்பளித்தார். கவுன்ட்டி பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. 2018ல் 3,37,000 டாலர் அளவில் சமரசம். அதிகாரி தன் கையிலிருந்து எதுவும் கொடுக்கவில்லை. 'குவாலிஃபைடு இம்யூனிட்டி' என்று ஒரு கவசம் இருக்கிறது: இந்தச் செயல் தவறு என்று முன்பே தெளிவான தீர்ப்பு இல்லாவிட்டால் அதிகாரி தனிப்பட்ட முறையில் தப்பித்துக்கொள்வார்.

2019 செப்டம்பரில் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் 6 வயதுச் சிறுமியை, வகுப்பில் அடம் பிடித்து ஊழியரை உதைத்தாள் என்று, பிளாஸ்டிக் பட்டையால் கையைக் கட்டி அழைத்துப்போனார்கள். கைரேகை எடுத்தார்கள், குற்றவாளிகளுக்கு எடுப்பது போலப் புகைப்படமும் எடுத்தார்கள். அதிகாரியை உடனே வேலையை விட்டு நீக்கினார்கள். 12 வயதுக்குக் கீழ் கைது செய்ய மேலதிகாரி அனுமதி வேண்டும் என்ற விதியை அவர் மதிக்கவில்லை என்பதே காரணம். 2021ல் ஃப்ளோரிடா, வன்முறையான பெருங்குற்றங்கள் தவிர, 7 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கைது செய்யக் கூடாது என்று சட்டம் போட்டது. ஏழு வயது! அதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

பெப்பர் ஸ்ப்ரே?

அலபாமாவின் பர்மிங்காம் பள்ளிகளில் வருடக்கணக்கில் அடித்திருக்கிறார்கள். ஒரு கர்ப்பிணி மாணவி மேலும் அடித்தார்கள். 2015ல் மத்திய நீதிபதி மாணவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 2018ல் மேல்முறையீட்டில் அதன் முக்கியப் பகுதிகள் நிற்கவில்லை. மேலே சொன்ன கவசம்தான் காரணங்களில் ஒன்று.

நம்ம பிள்ளைகள் ஒழுங்காகப் படிப்பவர்கள். இதெல்லாம் நமக்கு வருமா?

இந்தக் கேள்வியைக் கேட்காத தமிழ்ப் பெற்றோர் இல்லை. உள்ளே இருக்கும் கேள்வி, "இது கறுப்பினப் பிள்ளைகளின் பிரச்சினைதானே?" என்பது. எண்கள் அப்படித்தான் சாய்கின்றன. கல்வித் துறையின் 2015-16 கணக்குப்படி, மாணவர்களில் கறுப்பினத்தவர் 15 சதவீதம். போலீஸிடம் அனுப்பப்பட்டவர்கள் அல்லது கைதானவர்களில் அவர்கள் 31 சதவீதம். அந்த அநியாயத்தைப் பார்த்து 'நமக்கில்லை' என்று நிம்மதி அடைவது எனக்குப் பிடிக்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

நிம்மதிக்கு அடிப்படையும் இல்லை. அதே கணக்கில் உடல், மனக் குறைபாடுள்ள மாணவர்கள் 12 சதவீதம், போலீஸிடம் போனவர்களில் 28 சதவீதம். நம் தமிழ்ச் சமூகத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இல்லையா? சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு ஓடும் பையன், முன்பின் தெரியாத அதிகாரி கையைப் பிடித்தால் உதறத்தான் செய்வான். அது 'எதிர்த்தல்' ஆகிவிடும்.

இன்னொன்று. 2015 செப்டம்பரில், டாலஸ் அருகே இர்விங்கில், சூடான் வம்சாவளியைச் சேர்ந்த 14 வயது மாணவர் வீட்டில் செய்த கடிகாரத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். போலி வெடிகுண்டு என்று சந்தேகப்பட்டுக் கைவிலங்கு மாட்டிக் கூட்டிப்போனார்கள். நல்லாப் படிக்கிற பையன்தான். இர்விங்கில் எத்தனை தமிழ்க் குடும்பம் என்று உங்களுக்கே தெரியும்.

போலீஸ் இல்லாவிட்டால் துப்பாக்கியோடு வருபவனை யார் தடுப்பது?

நியாயமான பயம். என் மனைவி கேட்பதும் இதையேதான், இதுவரை அவளுக்கு முழுத் திருப்தியான பதில் என்னால் சொல்ல முடியவில்லை. 2024 செப்டம்பரில் ஜார்ஜியாவின் அப்பலாச்சி பள்ளியில் நால்வர் இறந்தார்கள். பள்ளியின் போலீஸ் அதிகாரிகள் எதிரே வந்து நின்றதும் சுட்டவன் சரணடைந்தான். அவர்கள் இல்லாவிட்டால் எண்ணிக்கை கூடியிருக்கும் என்று நம்ப இடமுண்டு.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2018ல் ஃப்ளோரிடாவின் பார்க்லாண்டில் ஒருவன் சுட்டுக்கொண்டிருந்தபோது, பள்ளியின் ஆயுதம் தாங்கிய அதிகாரி உள்ளே போகாமல் வெளியே நின்றார், 17 பேர் இறந்தார்கள். 2022ல் டெக்சாஸின் யுவால்டேயில் 376 அதிகாரிகள் குவிந்தும் வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடம். 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள் போய்விட்டார்கள்.

சரி, போலீஸ் இருக்கட்டும் என்றே வைத்துக்கொள்வோம். சுடுபவனைத் தடுக்க வந்தவர் செல்போன் பறிக்க ஏன் போக வேண்டும்? இரண்டையும் பிரித்து எழுதி வைக்கலாமே.

எங்காவது பிரித்துப் பார்த்திருக்கிறார்களா?

ஜார்ஜியாவின் கிளேட்டன் கவுன்ட்டியில் பார்த்தார்கள். சிறார் நீதிமன்ற நீதிபதி ஸ்டீவன் டெஸ்கே, தன் முன் வரும் வழக்குகளில் பெரும்பகுதி பள்ளிச் சில்லறைச் சண்டை என்று சலித்துப்போனார். பள்ளி நிர்வாகம், போலீஸ், மற்றவர்கள் எல்லோரையும் உட்கார வைத்து 2004ல் ஓர் ஒப்பந்தம் போட வைத்தார். சாதாரணச் சண்டை, ஒழுங்கீனம் போன்றவற்றுக்கு முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை பயிற்சி வகுப்பு அல்லது சமரசம், அதற்குப் பிறகுதான் நீதிமன்றம். பள்ளியிலிருந்து வரும் வழக்குகள் வெகுவாகக் குறைந்தன. போலீஸ் பள்ளியிலேயேதான் இருந்தது, கூப்பிடும் காரணம்தான் மாறியது.

2020க்குப் பிறகு பள்ளியிலிருந்து போலீஸை எடுத்துவிட்டார்கள் என்றார்களே?

2020ல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் கொன்றதற்குப் பின் மினியாபொலிஸ், ஓக்லண்ட், டென்வர் போன்ற ஊர்கள் எடுத்தன. டென்வரில் 2023 மார்ச்சில் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் மாணவன் ஒருவன் இரண்டு ஊழியர்களைச் சுட்டதும் போலீஸைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மினசோட்டா 2023ல், குப்புறக் கிடத்தி அழுத்தும் பிடியை எஸ்.ஆர்.ஓ.க்களுக்கும் தடை செய்தது. உடனே பல போலீஸ் துறைகள் ஆட்களைப் பள்ளியிலிருந்து விலக்கிக்கொண்டன. 2024 மார்ச்சில் சட்டத்தைத் தளர்த்தினார்கள். அந்தப் பிடி இல்லாமல் பள்ளியில் வேலை பார்க்க முடியாது என்று ஒரு துறை சொன்னால், அந்தத் துறையைப் பற்றி எனக்கு அது நிறையவே சொல்கிறது.

பள்ளியில் என் பிள்ளையைப் போலீஸ் விசாரித்தால்?

வீட்டில் முன்கூட்டியே மூன்று வாக்கியம் சொல்லிக்கொடுங்கள். "நான் பேச விரும்பவில்லை." "வக்கீல் வேண்டும்." "அம்மா அப்பாவைக் கூப்பிடுங்கள்." ஆங்கிலத்தில், மரியாதையாக. பெரியவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று நாம் வளர்த்த பிள்ளைகளுக்கு இது கஷ்டம், ஒருமுறை சொல்லிப் பழக்குங்கள்.

பெற்றோர் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று நாடு முழுக்கச் சட்டம் இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 2021 முதல், 18 வயதுக்குட்பட்டவரைக் காவலில் விசாரிக்கும் முன் வக்கீலோடு பேச வைக்க வேண்டும். 2011ல் உச்ச நீதிமன்றம் வட கரோலினா வழக்கு ஒன்றில் முக்கியமான ஒன்றைச் சொன்னது. 13 வயதுப் பையனை வகுப்பிலிருந்து கூட்டிப்போய் மூடிய அறையில் விசாரித்தார்கள். எழுந்து போகலாம் என்று பெரியவர் நினைக்கும் இடத்தில் பிள்ளை அப்படி நினைக்காது, ஆகவே காவலில் இருக்கிறதா என்று முடிவு செய்யும்போது வயதையும் பார்க்க வேண்டும் என்றது தீர்ப்பு.

பை சோதனை வேறு. பள்ளி ஊழியர் 'நியாயமான சந்தேகம்' இருந்தாலே பையைத் திறக்கலாம். 1985ல் வந்த இந்தத் தீர்ப்பு நியூ ஜெர்சி பிஸ்காடவே பள்ளியில், கழிப்பறையில் சிகரெட் பிடித்த மாணவியின் கைப்பையிலிருந்து பிறந்தது.

எது நடந்தாலும் உடம்பால் எதிர்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வாதாட இடம் வேறு உண்டு.

ஏற்கெனவே நடந்துவிட்டது. இப்போது என்ன செய்ய?

அன்றே டாக்டரிடம் காட்டுங்கள், சிராய்ப்பாக இருந்தாலும். தேதியோடு படம் எடுங்கள். பிள்ளை சொல்வதை அதன் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள், திருத்தாதீர்கள். கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படி பள்ளிக்கும் போலீஸுக்கும் தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள், பல இடங்களில் சில வாரத்தில் பதிவு தானாக அழிந்துவிடும். பிள்ளையின் கல்விப் பதிவுகளைக் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும் என்று மத்தியச் சட்டம் உண்டு. போலீஸ் தனக்காக வைத்திருக்கும் பதிவுகள் அந்தச் சட்டத்துக்குள் வராது. அதற்கு மாநிலத்தின் பொதுப் பதிவுச் சட்டப்படி கேட்க வேண்டும்.

பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் திட்டம் இருந்தால், உடனே கூட்டம் கேளுங்கள். போலீஸை எப்போது கூப்பிடக் கூடாது, பதற்றம் வந்தால் யார் பக்கத்தில் போக வேண்டும் என்பதை அந்தத் திட்டத்திலேயே எழுதச் சொல்லலாம்.

பள்ளி நிர்வாகத்துக்கும் போலீஸுக்கும் இடையில் பெரும்பாலும் ஓர் ஒப்பந்தம் இருக்கும். பொது ஆவணம், கேட்டு வாங்குங்கள். நான் எங்கள் ஊரில் கேட்டபோது வர ஐந்து வாரம் ஆனது. ஒழுங்கு நடவடிக்கையில் அதிகாரி தலையிட மாட்டார் என்று அதில் ஒரு வரி இருந்தது. நான் பேசிப் பார்த்த ஆசிரியர்களில் ஒருவரும் அதைப் படித்திருக்கவில்லை.

விசாவில் இருக்கிறோம். பையன் மேல் வழக்கு வந்தால் கிரீன் கார்டு போய்விடுமா?

மெல்லிய குரலில், கடைசியில்தான் இதைக் கேட்பார்கள். சிறார் நீதிமன்றத்தில் வரும் தீர்ப்பு குடியேற்றச் சட்டத்தில் குற்றவாளி என்ற தீர்ப்பு, அதாவது 'கன்விக்‌ஷன்' ஆகாது. குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2000ல் சொன்ன நிலைப்பாடு அது. பெரியவராகக் கருதி வழக்கு நடத்தினால் கதை மாறும். ஆனால் விசாப் படிவமும் கிரீன் கார்டு விண்ணப்பமும் 'எப்போதாவது கைதானது உண்டா' என்றே கேட்கின்றன. வழக்கு தள்ளுபடி ஆனாலும், நீதிமன்றத்தில் கேட்டு வழக்குப் பதிவை அழித்தாலும் அந்தக் கேள்வி அப்படியே இருக்கும். என்ன எழுதுவது என்று குடியேற்ற வக்கீலிடம் கேட்காமல் நிரப்பாதீர்கள். அப்புறம், பதிவை அழிக்க விண்ணப்பிக்கும் முன், வழக்கு எப்படி முடிந்தது என்று காட்டும் நீதிமன்றத் தாளின் சான்றளித்த நகல் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அழித்த பிறகு நகல் எடுப்பது பெரும்பாடு.